முதல் சுற்று தமிழில் நடக்கட்டும்

ஐந்து அட்டைகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் 7, 9, 7, 2, 6 என்று எழுதியிருக்கிறது. எத்தனை அட்டைகளை வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் அடுத்தடுத்த இரண்டை எடுக்கக் கூடாது. அதிகபட்ச மொத்தம் எவ்வளவு? பெரிய எண்ணைக் கண்டதும் 9-ஐ எடுப்பவருக்கு 15-க்கு மேல் கிடைக்காது. அதை விட்டுவிட்டு இரண்டு 7-களையும் 6-ஐயும் எடுப்பவருக்கு 20 கிடைக்கும். ஐந்து அட்டை என்றால் போட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். ஐந்நூறு என்றால்? ஒவ்வோர் அட்டையிலும் நின்று, இதை எடுத்தால் இதுவரை எவ்வளவு, விட்டால் எவ்வளவு என்று இரண்டே எண்களைக் குறித்துக்கொண்டு நகர்ந்தால் போதும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கக்கூடிய உத்தி இது. பல்கலைக்கழகங்களில் கணினி அறிவியல் மாணவர்கள் படிப்பதும் இதே உத்தியைத்தான்.

இந்தியக் கணினி ஒலிம்பியாட்டின் முதல் சுற்று இந்த வகைச் சிந்தனையைத்தான் சோதிக்கிறது. அதில் எழுத்துத் தேர்வாக நடந்துவந்த வடிவத்துக்குக் கணினியே வேண்டாம். மூன்று மணி நேரம், நான்கு கேள்விகள், பேனா, தாள். கணினி வசதி இல்லாத மாணவரும் எழுதலாம் என்பதுதான் அதன் சிறப்பு. அடுத்தடுத்த சுற்றுகளில் தேறும் சுமார் 30 பேர் பயிற்சி முகாமுக்கு அழைக்கப்படுகிறார்கள். அவர்களில் நால்வர் சர்வதேசத் தகவலியல் ஒலிம்பியாட்டுக்குப் போகிறார்கள். 1989-ல் பல்கேரியாவில் தொடங்கிய அந்தப் போட்டிக்கு இந்தியா 2002 முதல் அணி அனுப்புகிறது. இந்த முயற்சியின் முதுகெலும்பாக இருந்துவருவது சென்னைக்கு அருகே சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் கழகம். ஆனால், அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள அரசு மேல்நிலைப் பள்ளியில்கூட இப்படி ஒரு போட்டி இருப்பது தெரிந்திருக்குமா என்பது சந்தேகமே.

வெறும் பதக்கத்தோடு முடிகிற விஷயமாக இருந்தால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். இப்போது நிலைமை வேறு. சென்னை ஐ.ஐ.டி., 2025-26 கல்வியாண்டு முதல் ஒலிம்பியாட்டில் சிறந்து விளங்குவோருக்கென்று தனிச் சேர்க்கை வழியைத் திறந்திருக்கிறது. சென்னை கணிதவியல் கழகத்துக்கும் ஒலிம்பியாட் வழியாகப் போக முடியும். ஜே.இ.இ. பயிற்சிக்கு லட்சக்கணக்கில் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு இது பெரிய வாய்ப்பாக இருந்திருக்க வேண்டும். நடைமுறையில், ஏற்கெனவே எல்லா வழிகளும் தெரிந்த நகரத்துத் தனியார் பள்ளி மாணவருக்கு இன்னொரு வழியாகத்தான் இது ஆகியிருக்கிறது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தந்து, மறு ஆண்டே பொறியியலுக்கும் அதை நீட்டித்த மாநிலம் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது.

தமிழக அரசு புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. 2018-ல் வந்த பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலைத் திறந்து பார்த்தால் போதும். விவசாயி, ஆடு, புல்கட்டு, ஓநாய் ஆகியவற்றைப் படகில் அக்கரை சேர்க்கும் புதிர் அதில் இருக்கிறது. சிக்கலைப் பிரித்துப் பார்ப்பது, மடக்கின் ஒவ்வொரு சுற்றிலும் மாறாமல் நிற்பது எது என்று தேடுவது, தன்னைத்தானே அழைக்கும் செயல்முறை என்று ஒலிம்பியாட்டுக்கான அடித்தளம் முழுவதும் இருக்கிறது. தொடர்ந்து வருவது சி பிளஸ் பிளஸ். சர்வதேசப் போட்டியில் மாணவர்கள் எழுதும் மொழியும் அதுவே. இவ்வளவையும் தமிழ்வழி மாணவர் தமிழில் படிக்கிறார். படித்துவிட்டு என்ன செய்கிறார்? வரையறைகளை மனப்பாடம் செய்கிறார், பாடத்தின் பின்பக்க வினாக்களுக்கு விடை எழுதுகிறார். பாடநூலை எழுதியவர்களின் உழைப்பு, தேர்வுத்தாள் ஒன்றினால் வீணாகிறது.

மொழிதான் முதல் தடை. முதல் சுற்றின் கேள்விகள் ஆங்கிலத்தில் வருகின்றன. ஒரு பக்கம் நீளும் கதை வடிவிலான கேள்வியை ஆங்கிலத்தில் படித்துப் புரிந்துகொள்வதிலேயே தமிழ்வழி மாணவரின் நேரம் கரைந்துவிடும். இத்தனைக்கும், சர்வதேசப் போட்டி இந்தத் தடையை எப்போதோ நீக்கிவிட்டது. தேர்வுக்கு முந்தைய இரவு ஒவ்வொரு நாட்டு அணியின் தலைவரும் கண்விழித்துக் கேள்விகளைத் தம் மொழியில் பெயர்க்கிறார். மறுநாள் மாணவர் தாய்மொழியில் படிக்கிறார். உலக மேடையில் கிடைக்கும் இந்த உரிமை உள்ளூர் முதல் சுற்றில் கிடைக்காமல் இருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. நான்கே கேள்விகளை மொழிபெயர்க்க ஒரு நல்ல ஆசிரியர் குழுவுக்கு இரண்டு நாள் போதும்.

ஏற்கெனவே வேலைப்பளுவில் இருக்கும் ஆசிரியர் தலையில் இதையும் சுமத்துவதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் விவரம் ஏற்றுவதற்கே நேரம் போதவில்லை என்று ஆசிரியர்கள் சொல்லிச் சலித்துவிட்டார்கள். அதனால்தான் எல்லாப் பள்ளியிலும் ஒரே நாளில் தொடங்கச் சொல்லவில்லை. வட்டாரத்துக்கு ஒரு பள்ளி, ஆர்வமுள்ள ஓர் ஆசிரியர், சனிக்கிழமை இரண்டு மணி நேரம், அதற்கு உரிய மதிப்பூதியம். ஹைடெக் லேப் அமைத்திருக்கும் அரசுப் பள்ளிகளிலிருந்து தொடங்கலாம். மாணவரின் பதிவுக் கட்டணத்தை அரசே கட்டட்டும்.

வட்டார அளவில் போட்டி நடத்துவது நடக்காத காரியம் என்பதும் சரியல்ல. ரிசர்வ் வங்கி 2023-ல் எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான அரசுப் பள்ளி மாணவர்களுக்கு நிதிக் கல்வி வினாடி வினாவை வட்டாரத்தில் தொடங்கி தேசிய அளவு வரை கொண்டுபோனது. வட்டி, காப்பீடு, வங்கி மோசடி பற்றிய கேள்விகளோடு வட்டாரம் வரை வர முடிகிற போட்டி, அல்காரிதத்தோடும் வரலாம்.

நாடு முழுவதிலிருந்தும் நாலே பேர் போகும் போட்டிக்கு இவ்வளவு பாடா என்று கேட்பவர்கள் முதல் சுற்றின் பயனைக் கணக்கில் எடுக்கவில்லை. அந்த மூன்று மணி நேரத் தாளோடு மல்லுக்கட்டிய மாணவர் தேறாவிட்டாலும், விடை தெரியாத கேள்வியோடு உட்கார்ந்திருக்கப் பழகியிருப்பார். இன்றைய பொதுத்தேர்வு அந்தப் பழக்கத்தைக் கற்றுத்தருவதில்லை.

இதற்கான சுற்றறிக்கை ஜூனில் பள்ளி திறக்கும்போதே வர வேண்டும். காலாண்டுத் தேர்வு முடிந்த பிறகு வந்தால், பதினொன்றாம் வகுப்பு மாணவருக்குப் பழைய வினாத்தாள் ஒன்றைக்கூட முழுதாகப் போட்டுப் பார்க்க நேரம் இருக்காது. மொழிபெயர்ப்புக்கும் தேர்வு மையங்களுக்கும் பள்ளிக் கல்வித் துறை சிறுசேரிக்காரர்களோடு இப்போதே பேசத் தொடங்கலாம்.