ஐந்துக்கு மூன்று என்றால் ‘பாஸ்’ இல்லை!

வானொலியில் இரண்டு விநாடி சத்தம் நின்றாலே எங்களுக்கு வியர்த்துவிடும். ஆனால் போன பிப்ரவரியில் ஒரே ஒரு சத்தம் கேட்டு வியர்த்தேன். அதுவும் சுவிட்சர்லாந்துப் பனியில்!

பல்கலைக்கழகத் தோழி ஒருத்தி அங்கே வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். கணவர் யாழ்ப்பாணத்துக்காரர், மலையேறுவதில் பழகியவர். பனிக்காலணி மாட்டி எதிரே தெரிந்த சரிவில் ஏற வேண்டும் என்று நான் அடம் பிடித்தேன். மாலை 5 மணிக்கு தாவோஸ் ஆராய்ச்சி நிலையத்தின் பனிச்சரிவு அறிக்கை வந்தது. ஆரஞ்சு நிறம், அபாய நிலை 3.

“ஐந்துக்கு மூன்றுதானே அண்ணா, நடுத்தரம்!” என்றேன்.

“இது சோதனைப் பேப்பர் இல்லைத் தங்கச்சி. மூன்றிலைதான் கனபேர் செத்துப்போறவை” என்றார்.

உண்மைதான். அங்கே பனிச்சரிவு மரணங்களில் ஏறக்குறைய பாதி நிலை 3இல்தான் நடக்கிறது. நான்கு, ஐந்து என்றால் பயந்து வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். மூன்றில் வெயில் அடிக்கும், வானம் நீலமாக இருக்கும், ஆசை ஜெயித்துவிடும்.

மறுநாள், மேலே செங்குத்துச் சரிவு ஏதுமில்லாத சமவெளிப் பாதையில்தான் அழைத்துப் போனார். எனக்கு முகம் சுருங்கியது. அப்போதுதான் காலடியில் ‘தொம்ம்’ என்று ஒரு சத்தம். மண்வெட்டியால் பனியை வெட்டிக் காட்டினார். மேலே கெட்டியான பனி, அடியில் சீனி போல உதிரும் பனி. சீனிமேல் பலகை வைத்த மாதிரி! எங்கள் எடையில் அந்தச் சீனி அடுக்கு நொறுங்கிய சத்தம்தான் அது. 30 பாகைக்கு மேற்பட்ட சரிவாக இருந்தால், பலகை அப்படியே வழுக்கி நம்மையும் அள்ளிக்கொண்டு போகும். சிக்குகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர், தாங்களோ கூட வந்தவர்களோ கிளப்பிய சரிவில்தான் சிக்குகிறார்கள்.

புதைந்தவரை 10 நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பார்கள். அரை மணி நேரமானால் மூன்று பேர்தான். ஹெலிகாப்டர் வரும்வரை காத்திருக்க முடியாது. அதனால்தான் சமிக்ஞைக் கருவி, துழாவும் கம்பி, மண்வெட்டி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். என்னிடம் இருந்தது கைப்பேசி மட்டும்.

நான் ஏறக் கேட்ட சரிவை நிமிர்ந்து பார்த்தேன். பேச்சு வரவில்லை.

ஊர் திரும்பியபின், தொடர் மழை எச்சரிக்கையை நான் ஒரே மூச்சில் வாசிப்பதில்லை. ‘ஆரஞ்சு’ என்று வந்தால் சற்று நிறுத்தி, அதற்கு என்ன பொருள் என்றும் சொல்கிறேன். நடுவில் இருக்கும் நிறம்தானே என்று யாரோ ஒருவர் காரை எடுக்கக்கூடும். நானும் அப்படித்தானே கேட்டேன்!