வைரஸ் போகலையா? ஃபார்மட்டுக்கு அவசரப்படாதீங்க!

கம்ப்யூட்டரில் வைரஸ் என்றாலே 'ஃபார்மட் அடிச்சிடலாம்' என்பதுதான் பலர் சொல்லும் ஒரே வைத்தியம். பேக்கப் இல்லாத வீட்டில் குழந்தையின் போட்டோக்களும் அதோடு போச்சு!

விண்டோஸோடு சேர்ந்தே ஓடும் மால்வேர், ஆன்டிவைரஸ் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளும். அழித்தாலும் ரீஸ்டார்ட் செய்ததும் முளைக்கும். விண்டோஸ் 10, 11-இல் உள்ள 'மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்', விண்டோஸ் எழும் முன்பே அதைத் தேடுகிறது. 'விண்டோஸ் செக்யூரிட்டி'யில் வைரஸ் பகுதிக்குள் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' போனால் கிடைக்கும். சுமார் 15 நிமிடம், காசு கிடையாது. (திறந்திருக்கும் ஃபைல்களை சேவ் பண்ணிடுங்க, கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும்.)

அதற்கும் மசியலைன்னா, போட்டோக்களை எடுத்துவைத்துவிட்டு ஃபார்மட்தான். ஆனால் ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணச் சொல்லும் அதே கிராக் ஃபைலை மறுபடி போடுவது என்ன நியாயம்? பேங்க், மெயில் பாஸ்வேர்டுகளை மட்டும் மொபைலில் இருந்து இப்பவே மாத்திடுங்க. ஸ்கேன் முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.