வரிசையில் வைத்துப் பார்த்தீர்களா?

தபால்தலை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். கணினி விளையாட்டை உருவாக்கி இணையத்தில் விற்பவருக்குக் கிடைக்கும் விளம்பரப் பலகை, பல நேரங்களில் ஏறக்குறைய அந்த அளவுதான். ‘ஸ்டீம்’ இணையக் கடையில் எதையாவது தேடினால் ஒரு பட்டியல் விரியும். அதில் ஒவ்வொரு விளையாட்டின் அட்டைப்படமும் 120 பிக்சல் அகலம், 45 பிக்சல் உயரம். அந்த இடத்துக்குள் பெயரைப் படிக்க முடிய வேண்டும். என்ன வகை விளையாட்டு என்பது புரிய வேண்டும். மேலேயும் கீழேயும் நிற்கும் மற்றப் படங்களைத் தாண்டிக் கண்ணையும் இழுக்க வேண்டும்.

கணினி விளையாட்டுகளுக்கான கடைகளில் ஸ்டீம்தான் மிகப் பெரியது. அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2003ஆம் ஆண்டு தொடங்கியது. 2024இல் மட்டும் 18,000க்கும் மேற்பட்ட புதிய விளையாட்டுகள் அங்கே வந்து இறங்கின. கணக்குப் போட்டால் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஐம்பது. இரண்டு பேர், மூன்று பேர் சேர்ந்து தங்கள் சேமிப்பைப் போட்டு ஆண்டுக்கணக்கில் உருவாக்கியவையும் அவற்றில் உண்டு. விளையாட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும், அந்தச் சின்னப் படத்தை யாரும் தொடவில்லை என்றால் உள்ளே இருப்பது யாருக்கும் தெரியப்போவதில்லை.

தொழிலில் இந்தப் படத்தைக் ‘கேப்சூல்’ என்கிறார்கள். மாத்திரைக்குப் பொருத்தமான பெயர்தான். முழு மருந்தும் அதற்குள் அடங்க வேண்டும். திரைப்படங்களுக்கும் இதே நிலைமை. ஒரு தலைப்பைப் பார்த்து வேண்டும், வேண்டாம் என்று முடிவெடுக்கத் தன் சந்தாதாரர்கள் சராசரியாக 1.8 விநாடி எடுத்துக்கொள்வதாக நெட்ஃபிளிக்ஸ் 2016ஆம் ஆண்டு ஒரு குறிப்பில் எழுதியது.

பெட்டியில் அடைத்து விற்ற காலத்திலும் அட்டைப்படத் தலைவலி இருந்தது. ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1987இல் வெளியிட்ட ‘மெகா மேன்’ விளையாட்டின் அமெரிக்க அட்டையைத் தேடிப் பாருங்கள். விளையாட்டுக்குள் வருவதோ நீலக் கவசம் போட்ட சின்ன ரோபோ சிறுவன். அட்டையில் நிற்பதோ கையில் துப்பாக்கி பிடித்த நடுத்தர வயது ஆள். 2012இல் வந்த வேறொரு விளையாட்டில் அந்த ஆளையே தொப்பையோடு ஒரு பாத்திரமாக்கி, கேப்காம் தன்னைத் தானே கிண்டல் செய்துகொண்டது.

‘பயோஷாக் இன்ஃபினிட்’ கதை இன்னும் சுவையானது. 2013 மார்ச்சில் வெளியான இந்த விளையாட்டு ஆழமான கதைக்குப் பெயர் பெற்றது. அட்டைப்படத்திலோ எரியும் அமெரிக்கக் கொடிக்கு முன்னால் துப்பாக்கியைத் தோளில் சாய்த்த ஒரு வீரன். சாதாரணத் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு மாதிரி ஆக்கிவிட்டார்களே என்று ரசிகர்கள் கொதித்தார்கள். உருவாக்கியவர் கென் லெவின் சொன்ன பதில் இதுதான்: பல்கலைக்கழக மாணவர் விடுதிகளுக்குப் போய், விளையாட்டுப் பழக்கம் உள்ள இளைஞர்களிடம் ‘பயோஷாக்’ கேள்விப்பட்டிருக்கிறீர்களா என்று கேட்டார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. ரசிகர் எப்படியும் வாங்குவார். பெயரே தெரியாதவர் கடை அலமாரியைக் கடக்கும்போது நிற்க வேண்டும் அல்லவா? கோபப்பட்ட ரசிகர்களைச் சமாதானப்படுத்த, திருப்பிச் செருகிக்கொள்ளும் வகையில் அட்டையின் பின்பக்கத்தில் வேறொரு படத்தை அச்சிட்டார்கள். எந்தப் படம் என்பதை ரசிகர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் இரண்டு முகம். கெட்டிக்காரத்தனம்தான்.

இணையக் கடையில் அட்டையைத் திருப்பிச் செருக முடியாது. ஆனால் சோதிக்க முடியும். கூகல் பிளே கடை 2015 முதலே ஒரு வசதி தருகிறது. செயலியின் படத்தைச் சில வாடிக்கையாளர்களுக்கு ஒரு மாதிரியாகவும் வேறு சிலருக்கு இன்னொரு மாதிரியாகவும் காட்டி, எதைப் பார்த்தவர்கள் அதிகம் பதிவிறக்கினார்கள் என்று சொல்லிவிடும். ஆப்பிளும் 2021 இறுதியில் இதைக் கொண்டுவந்தது. ஸ்டீமில் அப்படி வசதி இல்லை. உங்கள் படம் எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் பக்கத்துக்கு வந்தார்கள் என்ற எண்ணிக்கை கிடைக்கும், அவ்வளவுதான். ஆகவே சின்னக் குழுக்கள் கைவேலையாகச் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. அதை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

என் அக்காள் மகனும் அவனுடைய இரண்டு நண்பர்களும் பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். பகலில் வேலை, இரவில் விளையாட்டு உருவாக்கம் என்று மூன்று ஆண்டுகளாக ஓடுகிறது. களம் ஓர் ஈரச்சந்தை. மீன்கடை வைத்திருக்கும் மூதாட்டிக்கு நீங்கள் உதவியாளர். விடிவதற்குள் பெட்டிகளை இறக்க வேண்டும், செதில் சீவ வேண்டும், மீன் வாங்க வருபவர்களின் கதைகளைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அடிதடி கிடையாது. வேலை முடிந்து வந்து மனம் ஆற விளையாடும் வகை.

மூவரும் பணம் போட்டு ஓர் ஓவியரிடம் அட்டைப்படம் வரைந்து வாங்கினார்கள். விடியற்காலைச் சந்தை முழுவதும் அதில் இருந்தது. விளக்குகள், ஐஸ் கட்டி, ஈரத்தரை, பதினைந்து முகங்கள். அக்காளுக்கு ரொம்பப் பிடித்துப்போய், பெரிதாக அச்சடித்துக் கூடத்தில் மாட்டிவிட்டார். ஒருநாள் பையன் அதே படத்தைக் கடையில் தெரியும் அளவுக்குச் சுருக்கி, கைத்தொலைபேசியை அம்மாவிடம் நீட்டினான்.

“அம்மா, இது என்னன்னு சொல்லுங்க.”

“யார் செஞ்ச பிரியாணிடா இது?”

அவருக்குப் பின்னால் சுவரில் அதே படம் தொங்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகுதான் வேலை ஒழுங்காகத் தொடங்கியது. இன்னும் இரண்டு படங்கள் வரைந்தார்கள். ஒன்றில் கறுப்புப் பின்னணி, பெரிய மீன்கண், மேலே ஓங்கிய கத்தி. மற்றதில் மூதாட்டியின் சிரித்த முகம், கையில் ஒரு மீன், பின்னால் நீலத் தார்ப்பாய், தடித்த எழுத்தில் பெயர். பிறகு, தங்கள் விளையாட்டைப் போன்றவை வரிசையாகத் தெரியும் கடைப் பக்கத்தை அப்படியே திரைப்படமாகப் பிடித்து, நடுவில் ஒரு படத்தை நீக்கிவிட்டுத் தங்கள் படத்தைச் செருகினார்கள். மூன்று படத்துக்கு மூன்று பக்கம். தங்கள் படத்தைத் தவிர மற்றதெல்லாம் அச்சு மாறாமல் ஒன்றுபோல.

அந்தப் பக்கங்களைக் காட்டியது முன்பின் தெரியாதவர்களிடம். பலகை விளையாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள், வேலையிட நண்பர்களின் நண்பர்கள். ஒருவருக்கு ஒரு பக்கம்தான், மூன்று விநாடிதான். தங்கள் படம் எது என்று சொல்லவே இல்லை. இது முக்கியம். ‘என் படம் எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் நம்மவர்கள் ‘நல்லா இருக்கு’ என்றுதான் சொல்வார்கள், மனம் நோகக்கூடாதே! அதற்குப் பதில் இரண்டே கேள்விகள். எதைத் தொட்டுப் பார்ப்பீர்கள்? அந்த விளையாட்டில் என்ன செய்வீர்கள் என்று நினைக்கிறீர்கள்?

முதல் கேள்வியில் கத்தி வென்றது. வெளிர் பச்சைக்கும் இளஞ்சிவப்புக்கும் நடுவில் கறுப்புச் சதுரம் தனியாகத் தெரிந்தது, தொட்டார்கள். இரண்டாவது கேள்விக்கு வந்த பதில்கள்: பேய்க்கதை. தொடர்கொலை. ஒருவர் மட்டும், ‘மீன் பழிவாங்கும் கதையா?’ என்று கேட்டார். (அந்த விளையாட்டை யாராவது எடுத்தால் நானே வாங்குவேன்.)

அன்றிரவு மூவருக்குள் பெரிய வாக்குவாதம். ஒருவனுக்குக் கத்திப் படம்தான் வேண்டும். ‘ஆள் வரட்டும், உள்ளே வந்தால் பிடிக்கும்’ என்பது அவன் கட்சி. மேலோட்டமாகப் பார்த்தால் நியாயம்தான். ஆனால் பேய் விளையாட்டு தேடி வருபவர் செதில் சீவும் பாட்டியைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுவார். போகாமல் வாங்கிவிட்டால் அதைவிட மோசம். வாங்கி 14 நாளுக்குள், விளையாடிய நேரம் இரண்டு மணிக்குக் குறைவாக இருந்தால், 2015 முதல் ஸ்டீம் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. பணம் திரும்பினாலும் ‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்ற விமர்சனம் பக்கத்திலேயே தங்கிவிடும். இன்னொரு நட்டமும் உண்டு, அது கண்ணுக்கே தெரியாது. மனம் ஆற விளையாட நினைப்பவர் அந்தக் கத்தியைப் பார்த்து, இது நமக்கில்லை என்று கடந்து போயிருப்பார். அவர்தானே வாங்க வேண்டியவர்! இந்த வாதத்தில் நான் பாட்டி பக்கம். அதிகம் பேர் தொடுவதைக் காட்டிலும், தொட வேண்டியவர் தொடுவதுதான் பிழைப்புக்கு உதவும்.

பாட்டி படத்திலும் ஒரு குறை இருந்தது. தனியாகப் பார்த்தபோது அழகாக இருந்த நீலத் தார்ப்பாய், வரிசையில் வைத்ததும் கரைந்து போனது. அக்கம்பக்கத்து விளையாட்டுகள் எல்லாம் பண்ணை, தோட்டம், கடற்கரை. எங்கும் பச்சையும் வானநீலமும். பின்னணியை ஈரச்சந்தையில் கொடுக்கும் பிளாஸ்டிக் பையின் சிவப்புக்கு மாற்றினார்கள். படத்தில் வேறெதுவும் மாறவில்லை. அடுத்த சுற்றில் நிறைய பேர் ‘அந்தச் சிவப்புப் பாட்டி’ என்று சுட்டினார்கள். படத்தைத் தனியே வைத்து ஓராண்டு விவாதித்திருந்தாலும் இது தெரிந்திருக்காது.

இதைப் படித்துவிட்டுப் பத்துப் பேரிடம் காட்டியதோடு முடிவெடுத்துவிடாதீர்கள். பத்துப் பேரிடம் கேட்பது, படம் புரிகிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள உதவும். இரண்டு நல்ல படங்களில் எது மேல் என்று அறிய அது போதாது. சமூக ஊடகத்தில் கொஞ்சம் காசு போட்டு இரண்டு படத்தையும் விளம்பரமாக ஓடவிட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. ஆளுக்கு ஆயிரம் முறை காட்டி, ஒன்றை 20 பேரும் மற்றதை 26 பேரும் தொட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். 26 வென்றுவிட்டது என்று கொண்டாட முடியாது. அந்த அளவு வித்தியாசம் ஒரே படத்தை இரண்டு முறை ஓடவிட்டாலும் வரும். அதே விகிதம் பத்தாயிரம் முறை காட்டி 200, 260 என்று வந்தால் அப்போது நம்பலாம். படத்தோடு வாசகத்தையும் சேர்த்து மாற்றிவிட்டால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது.

சோதனை முற்றினால் வேறொரு நோய் வருகிறது. கைத்தொலைபேசி விளையாட்டுகளின் சின்னங்களைப் பார்த்திருப்பீர்கள். வாயைப் பிளந்து கத்தும் முகங்கள். ‘கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்’ அந்த முகத்தோடு கொடிகட்டிப் பறந்தது. அதைப் பார்த்து மற்றவர்களும் கத்த ஆரம்பித்தார்கள். எல்லாரும் கத்தும் வரிசையில் இன்னொருவன் கத்தினால் யார் காதில் விழும்? அங்கே வாயை மூடிக்கொண்டு நிற்பவன்தான் தெரிவான். அண்டை வீட்டுப் படங்கள் மாறும்போது நம் படத்தின் பலமும் மாறுகிறது.

வால்வ் நிறுவனமும் ஒரு கட்டத்தில் கடிவாளம் போட வேண்டியிருந்தது. சிலர் அந்தத் துக்கடா படத்துக்குள் விமர்சன மதிப்பெண், விருதுச் சின்னம், தள்ளுபடி அறிவிப்பு என்று எல்லாவற்றையும் திணித்தார்கள். 2022 செப்டம்பர் முதல் அவற்றுக்குத் தடை. விளையாட்டின் ஓவியம், பெயர், துணைத் தலைப்பு, அவ்வளவுதான் இருக்கலாம். கண்ணுக்கு நிம்மதி.

சிங்கப்பூரில் உருவான ‘கேட் குவெஸ்ட்’ 2017இல் வந்து, பிறகு இரண்டு பாகங்களும் கண்டது. பெயரில் பூனை, கதாநாயகனும் வாளேந்திய பூனைதான். பூனை பிடிக்கும் ஆளுக்கு யோசிக்க ஒன்றுமில்லை, பிடிக்காத ஆளுக்கும் நேரம் வீணாகாது.

விளையாட்டுத் துறைக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்று நினைக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. தீபாவளிக்கு வீட்டிலிருந்தே முறுக்கும் அதிரசமும் இணையத்தில் விற்பவர்கள் நம்மிடையே பெருகிவிட்டார்கள். உங்கள் பலகாரப் படத்தை, மற்றவர்கள் போட்டிருக்கும் படங்களுக்கு நடுவில் வைத்து, கட்டைவிரல் நக அளவுக்குச் சுருக்கி, உங்களைத் தெரியாத ஒருவரிடம் மூன்று விநாடி காட்டிப் பாருங்கள். முறுக்கு தெரிகிறதா, தட்டு மட்டும் தெரிகிறதா என்று அவர் சொல்லிவிடுவார்.

பையன்களின் விளையாட்டு இன்னும் விற்பனைக்கு வரவில்லை. கடைப் பக்கம் மட்டும் திறந்திருக்கிறது. பிடித்தவர்கள் விருப்பப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். வாரம் ஒருமுறை அந்த வரிசையைப் படமெடுத்து எனக்கு அனுப்புகிறான். போன வாரம் வந்த படத்தின் கீழே எழுதியிருந்தான்: “மாமா, பக்கத்துல இன்னொரு சிவப்பு வந்திருக்கு.”