குண்டு டயர் கம்பீரம்

ஐப்பசி மழையில் அஸ்தினாபுரம் தெருக்களில் சைக்கிள் விட்டிருக்கிறீர்களா? தோண்டி மூடிய இடமெல்லாம் களிமண் குழம்பு. உடனே 4 அங்குல குண்டு டயர் சைக்கிளை நம் தலையில் கட்டுகிறார்கள். 'எதுலயும் போகும் சார்!'

போகாது. அது மணலிலும் பனியிலும் புதையாமல் மிதக்கப் பிறந்த டயர். வழவழ சேற்றில் மிதந்தால் பையன் விழுவான், சார்.

சேற்றுக்கு 2 அங்குலத்துக்குள் ஒல்லி டயர் கேளுங்கள். சேற்றை அறுத்து அடியிலுள்ள கெட்டித் தரையைப் பிடிக்கும். பட்டன்கள் உயரமாக, தள்ளித் தள்ளி இருக்கட்டும். நெருக்கமாக இருந்தால் நடுவில் மண் அப்பி டயரே மொழுக்கென்றாகிவிடும். தார் ரோட்டில் உறுமும்தான், உறுமட்டுமே! காற்றையும் கல் மாதிரி அடிக்காதீர்கள். டயர் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் குறைந்தபட்ச அளவு போதும். அதைப் படித்துப் பார்க்கிற கடைக்காரரை இன்னும் தேடுகிறேன்.

நம்ம பால்காரர்? 28-க்கு ஒன்றரை அங்குல ஒல்லி டயரில், கேனோடு எப்போதோ போய்விட்டார்.