சாம்பிள் எடுக்க நாங்கள், விமானம் ஏற அவர்களா?

மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் துறையும் ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றும் சேர்ந்து ஒரு கூட்டாய்வுத் திட்டத்தைத் தொடங்கின. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீரிலிருந்து சல்பைடை நீக்குவது எப்படி என்பதுதான் தலைப்பு. வேதிப் பொறியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிற நான் முதல் நாளிலிருந்து அதில் இருந்தேன். எனக்கு ஊர் ஆம்பூர் பக்கம். அப்பா இருபத்தாறு வருடம் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்த்தவர். எந்தத் தொட்டிக்கு எந்த நேரத்தில் எந்தத் தண்ணீர் வரும், எந்த மேஸ்திரியிடம் சொன்னால் கேட் திறக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். பதினான்கு மாதம் பைக்கின் பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய் சாம்பிள் எடுத்து வந்தேன்.

ஆய்வு மாணவர் ஒருவர் ஆறு மாதம் அந்த வெளிநாட்டு ஆய்வகத்தில் போய் வேலை செய்ய திட்டத்திலேயே இடம் இருந்தது. அதற்கு அறிவிப்பு எதுவும் வரவில்லை. யாரிடமும் விண்ணப்பம் கேட்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை லேப் கூட்டத்தில், எனக்கு இரண்டு வருடம் பின்னால் சேர்ந்த ஒருவர் போகிறார் என்று கைடு சொன்னார். அவருக்கு கம்யூனிகேஷன் நன்றாக இருக்கிறதாம். கூட்டம் முடிந்த பிறகு தனியாகப் போய்க் கேட்டேன். "உனக்கு ஃபீல்டு நல்லா தெரியும்பா. நீ இங்க இருந்தாதான் வேலை ஓடும்" என்றார்.

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். என் ஃபெலோஷிப் மாதக்கணக்கில் தாமதமானபோது கைப்பணம் கொடுத்து உதவியவர் அவர். போன நண்பரும் உழைப்பவர்தான். தனிமனிதர் யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதை எழுதவில்லை. ஆனால் அந்த ஒரு வரி என் வீட்டுக்குப் பழக்கமான வரி. "உன்ன விட்டா இந்த வேலைய யாருய்யா பாப்பா" என்று சொல்லித்தான் அப்பாவை இருபத்தாறு வருடம் அதே தொட்டியோரத்தில் நிறுத்தி வைத்தார்கள். தொட்டியை அறிந்தவன் தொட்டியோடு இருக்கட்டும், தொட்டியைப் பற்றிப் பேசும் இடத்துக்கு வேறொருவர் போகட்டும் என்பதுதான் அதன் பொருள்.

அந்தத் தொட்டியில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். தோலிலிருந்து முடியை நீக்க சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்ப்பார்கள். அந்தத் தண்ணீர் காரத்தன்மையோடு இருக்கும்வரை சல்பைடு நீரிலேயே கரைந்து கிடக்கும். அடுத்தடுத்த கட்டங்களில் வெளியேறும் அமிலத் தண்ணீர் அதோடு கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாகக் கிளம்பும். காற்றில் மிகக் குறைவாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பத்து லட்சம் பங்கில் 100 பங்கு அளவை எட்டும்போது மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. 1000 பங்கை நெருங்கினால் ஓரிரு மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை இப்படிச் செத்தவர்கள் உண்டு. அவர்களைத் தூக்கப் போய்ச் செத்தவர்களும் உண்டு. ராணிப்பேட்டை சிப்காட்டில் 2015 ஜனவரி 31 அன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச்சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலானோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

எங்கள் துறையின் ஆய்வுக் கட்டுரைகளில் இவர்கள் எவரும் வருவதில்லை. "கழிவுநீர் மாதிரிகள் தமிழ்நாட்டிலுள்ள ஓர் ஆலையிலிருந்து சேகரிக்கப்பட்டன" என்கிற மாதிரி ஒரு வரி வரும், அவ்வளவுதான்.

இந்த ஏற்பாடு எங்கள் லேபில் தொடங்கியதல்ல. இந்தியப் பொறியியல் கல்வியே வெளிநாட்டுக் கூட்டுறவில் வளர்ந்ததுதான். பம்பாய் ஐ.ஐ.டி.க்கு சோவியத் உதவி வந்தது. சென்னை ஐ.ஐ.டி. 1959-இல் மேற்கு ஜெர்மனியின் துணையோடு தொடங்கியது. கான்பூருக்கு 1962 முதல் 1972 வரை எம்.ஐ.டி., பிரின்ஸ்டன், பெர்க்லி, பர்டூ உள்ளிட்ட ஒன்பது அமெரிக்க நிறுவனங்கள் கூட்டாக உதவின. ஆசிரியர்கள் வந்தார்கள், பாடத்திட்டம் வந்தது, ஆய்வகக் கருவிகள் வந்தன. 1963-இல் ஐ.பி.எம். 1620 கணினியே வந்து இறங்கியது. ஏழை நாடொன்றுக்கு அன்று கிடைத்த மிகப் பெரிய கல்விக் கொடைகளில் ஒன்று அது.

பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கான இட ஒதுக்கீடு ஐ.ஐ.டி.களுக்குள் எப்போது வந்தது தெரியுமா? 1973-இல். கான்பூரில் அமெரிக்கத் திட்டம் முடிந்த மறு ஆண்டு. பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்கு அது வர 2008 ஆனது. பந்தி பரிமாறி முடிந்து இலை எடுத்த பிறகுதான் எங்களுக்குக் கதவு திறந்தது.

பழைய கதையை ஏன் கிளறுகிறாய் என்று கேட்பவர்கள் இன்றைய கூட்டாய்வு எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். அன்று அந்த வகுப்பறைகளில் உட்கார்ந்தவர்களில் பலர் மேற்படிப்புக்கு அமெரிக்கா போனார்கள், அங்கேயே பேராசிரியர் ஆனார்கள். அவர்களின் மாணவர்களும் ஆனார்கள். இன்று இங்குள்ள பேராசிரியர் ஒருவர் கூட்டாய்வு முன்மொழிவு எழுத நினைத்தால் முதலில் யாருக்கு மின்னஞ்சல் அனுப்புவார்? கூடப் படித்தவருக்கு, சீனியருக்கு, மாமா பிள்ளைக்கு. இதற்கு 'நெட்வொர்க்' என்று பெயர். நிலம் போல, வீடு போல இதுவும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் சொத்து. பட்டாவில் சாதி எழுதியிருக்காது. யார் கையில் இருக்கிறது என்று பார்த்தால் தெரியும்.

ஒதுக்கீடு சேர்க்கையோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு ஆய்வு வாழ்க்கையைத் தீர்மானிக்கும் எல்லாமே பேராசிரியரின் விருப்பம். யார் எந்தக் கருவியில் உட்காருவது, யார் பெயர் கட்டுரையில் முதலில் வருவது, வெளிநாட்டு விருந்தினரோடு சாப்பிட யாரை அழைப்பது, ஆறு மாதப் பயணத்துக்கு யாரை அனுப்புவது எதற்கும் எழுதப்பட்ட விதி கிடையாது. விதி இல்லாத இடத்தில் சாதிதான் விதி.

அம்பேத்கர் இதை எப்போதோ பார்த்துவிட்டார். 1942 அக்டோபரில், வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்தபோது, பட்டியல் சாதியினரின் குறைகளைப் பட்டியலிட்டு வைஸ்ராய் லின்லித்கோவிடம் ஒரு மனு கொடுத்தார். அதில் பொதுவாகக் கல்வி உதவி கேட்டதோடு அவர் நிற்கவில்லை. அறிவியலும் தொழில்நுட்பமும் படிக்க இந்தியாவுக்குள் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய், அதே படிப்புகளுக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் என்று தனித்தனியாகக் கேட்டார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. பரோடா அரசின் உதவித்தொகையில் கொலம்பியா போனவர், ஒரு கடல்பயணம் ஒரு மனிதனுக்கு என்ன தரும் என்று அறிந்தவர். அது தன்னோடு முடிந்துவிடக் கூடாது என்றுதான் கேட்டார்.

இன்று ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை இருக்கிறது. நாடு முழுமைக்கும் ஆண்டுக்கு 125 இடங்கள், 35 வயது வரம்பு. தேவையான திட்டம்தான், போதாத திட்டம். மேலும் அது வெளிநாட்டில் முதுகலையோ முனைவர் பட்டமோ முழுதாகப் படிக்கப் போகிறவர்களுக்கானது. இங்கே ஆய்வு செய்துகொண்டே ஆறு மாதம் கூட்டாய்வுக்குப் போக வேண்டியவருக்கு அதில் வழியில்லை.

அடுத்தது காசு. பல நிறுவனங்களில் வெளிநாட்டுப் பயணம் என்றால், முதலில் நீங்கள் செலவு செய்யுங்கள், பில்லைக் கொடுங்கள், பிறகு தருகிறோம் என்பதுதான் நடைமுறை. ஒருமுறை ஒரு மாநாட்டில் என் கட்டுரை தேர்வானது. டிக்கெட், விசா, காப்பீடு, தங்குமிடம் எல்லாம் சேர்த்து ஒன்றே முக்கால் லட்சம் முன்கூட்டியே கட்ட வேண்டியிருந்தது. வீட்டில் அடகு வைக்க அம்மாவின் இரண்டு பவுன் இருந்தது. அது ஏற்கெனவே தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்காக பேங்கில் இருந்தது. நான் போகவில்லை. வராதவர் பட்டியலில் என் பெயர் ஏறியது. ஏன் வரவில்லை என்று எந்தக் கோப்பிலும் பதிவாகியிருக்காது.

வெளிநாட்டுப் பேராசிரியர்தானே ஆளைத் தேர்ந்தெடுக்கிறார், அதில் நாம் எப்படித் தலையிடுவது என்று கேட்கிறார்கள். கூட்டாய்வுப் பணத்தில் பெரும்பகுதி இரண்டு பக்கமும் மக்கள் வரிப்பணம். வரிப்பணம் போகும் இடத்தில் கேள்வி கேட்கும் உரிமையும் போகும். ஆய்வுக்குத் தகுதி முக்கியமில்லையா என்பது அடுத்த கேள்வி. முக்கியம்தான். அதனால்தான் தகுதியை எழுதி ஒட்டுங்கள் என்கிறோம். பதினான்கு மாதம் சாம்பிள் எடுத்து, பகுத்து, தரவை உருவாக்கியவரிடம் இல்லாத எந்தத் தகுதி 'கம்யூனிகேஷ'னில் இருக்கிறது என்று எங்களுக்கும் தெரியட்டும்.

நாம் கேட்க வேண்டியவை எளியவை. கூட்டாய்வுத் திட்டத்தின் ஒவ்வொரு பயண இடமும் துறையின் அறிவிப்புப் பலகையில் வர வேண்டும். எழுத்துப்பூர்வமான அளவுகோல் வைத்து ஒரு குழு தேர்வு செய்ய வேண்டும், அந்தக் குழுவில் பட்டியல் சாதி, பழங்குடி உறுப்பினர் இருக்க வேண்டும். பொதுப்பணத்தில் நடக்கும் பயண இடங்களுக்கு இட ஒதுக்கீடு வேண்டும். செலவுக்கு முன்பணம் தர வேண்டும். யார் யார் போனார்கள் என்ற விவரம் சமூகப் பிரிவு வாரியாக ஆண்டுதோறும் வெளிவர வேண்டும்.

புரிந்துணர்வு ஒப்பந்தத்திலேயே சாதிப் பாகுபாட்டுக்கு எதிரான விதி இருக்க வேண்டும். இது நடக்காத காரியமல்ல. பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019-இலேயே தன் பாகுபாட்டுத் தடை விதியில் சாதியைச் சேர்த்தது. கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022 ஜனவரியில் தன் 23 வளாகங்களுக்கும் அதைச் செய்தது. அங்கே தலித் மாணவர்களும் தோழமை அமைப்புகளும் போராடி வாங்கிய விதி அது. கடல் தாண்டி அங்கே எழுத முடிந்த சொல்லை, இங்கே ஒப்பந்தத்தில் எழுத ஏன் கை கூசுகிறது?

கடைசியாக ஒன்று. ஆய்வின் பலன் தொட்டிக்குத் திரும்ப வேண்டும். எங்கள் திட்டப் பணத்தில் வாங்கிய வாயு அளவி லேப் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. தொட்டியோரத்தில் நிற்பவரிடம் ஒன்றுகூட இல்லை. எந்தத் தண்ணீரோடு எந்தத் தண்ணீர் கலந்தால் சாவு என்று தமிழில் ஒரு பக்கம் அச்சிட்டுக் கொடுக்க எந்தத் திட்டத்திலும் நிதி ஒதுக்கியதில்லை. அந்த ஒரு பக்கத்தை நான் எழுதிவிட்டேன். அப்பா படித்துப் பார்த்து இரண்டு இடத்தில் திருத்தம் சொன்னார்.

என் ஆய்வேடு இன்னும் சமர்ப்பிக்கப்படவில்லை. இதை இப்போது எழுதுவது புத்திசாலித்தனமா என்று நண்பர்கள் கேட்டார்கள். சமர்ப்பித்த பிறகு வேலைக்காகக் காத்திருப்பேன், வேலை கிடைத்த பிறகு பதவி உயர்வுக்காகக் காத்திருப்பேன். பேசுவதற்கு வசதியான காலம் என்று ஒன்று நமக்கு வரப்போவதில்லை. எங்கள் நிறுவனத்தின் கூட்டாய்வுத் திட்டங்களில் கடந்த பத்து ஆண்டுகளில் வெளிநாடு சென்ற ஆய்வு மாணவர்களின் விவரத்தைக் கேட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் போன மாதம் விண்ணப்பம் போட்டேன். கட்டணம் 10 ரூபாய். நீங்கள் படிக்கும் இடத்திலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள், தோழர்களே. பதில்களைச் சேர்த்து வைத்துப் பார்ப்போம்.