ஊதச் சொல்கிறார்கள்! உறங்க விட்டார்களா?



லாரிச் சம்பளத்தில் உலை வைக்காத வீடு நம்மில் எத்தனை? அப்பா ஓட்டினார், மகன் ஓட்டுகிறான், மருமகன் கிளீனராக ஏறியிருக்கிறான். இன்று அவர்கள் சரக்கு ஏற்றப் போனால், கேட்டிலேயே கருவியை நீட்டி "ஊது" என்கிறார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். குடித்துவிட்டு ஸ்டியரிங் பிடிப்பவனுக்கு நாம் வக்காலத்து வாங்க மாட்டோம். அவன் சக்கரத்தில் சிக்கிச் சாகிறவனும் நம்மைப் போன்ற ஏழைதான். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம் என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். 2019 திருத்தத்துக்குப் பிறகு, முதல் தடவைக்கே 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இருக்கட்டும்! சோதனையை நாம் எதிர்க்கவில்லை. சோதனையின் பேரால் நடக்கும் அநியாயத்தை எதிர்க்கிறோம்.

நம் தெருவில் நடந்ததைக் கேளுங்கள். ஓட்டுநர் ஒருவர் மார்ச்சளிக்கு ஒரு மூடி அரிஷ்டம் குடித்துவிட்டு, அந்த வாயோடு கேட்டில் ஊதினார். கருவி கத்தியது. அரிஷ்டத்தில் ஆல்கஹால் உண்டு என்பது மருந்துக் கடைப் பையனுக்கும் தெரியும். "கால் மணி கழித்து மறுபடி ஊதுகிறேன், ரத்தமும் எடுத்துப் பாருங்கள்" என்று மன்றாடினார். கேட்பாரில்லை. வண்டிச் சாவி வேறு கைக்குப் போயிற்று. பத்து நாள் அந்த வீட்டு அடுப்பு கைக்கடனில் எரிந்தது.

இது சாக்குப்போக்கு என்பவர்கள் கேரளத்தைப் பார்க்கட்டும். 2025 ஜூலையில் பந்தளம் அரசுப் பேருந்துப் பணிமனையில், பலாச்சுளை தின்ற ஓட்டுநர்களைக் குடிகாரர்கள் என்றது கருவி. பழம் தின்னுமுன் ஒரு தடவையும் தின்றபின் ஒரு தடவையும் ஊதிப் பார்த்த பிறகே பழி நீங்கியது. அங்கே கூட வேலை செய்பவர்கள் சேர்ந்து நின்றார்கள். ஒற்றை லாரிக்காரருக்கு யார் நின்றார்கள்?

அமெரிக்காவிலும் சோதனை உண்டு. 1987 ஜனவரியில் மேரிலாந்து மாநிலத்தில் கஞ்சா பிடித்திருந்த என்ஜின் பணியாளர்கள் சிக்னலைத் தாண்டியதால் ரயில்கள் மோதி 16 பேர் மாண்டார்கள். அதன் பிறகு 1991-ல் வந்த சட்டம் லாரி ஓட்டுநர்களையும் சோதனைக்குள் கொண்டுவந்தது. ஆனால் அங்கே சிறுநீரை இரண்டு குப்பிகளில் பிரித்து வைக்கிறார்கள். போதை இருப்பதாகத் தெரிந்தால், முதலாளிக்கு முடிவைச் சொல்லுமுன் மருத்துவர் ஓட்டுநரிடம் விசாரிக்கிறார். 72 மணி நேரத்துக்குள் ஓட்டுநர் கேட்டால், இரண்டாவது குப்பி வேறு ஆய்வகத்துக்குப் போகிறது. கசகசா தின்றவரும் அபின் தின்றவர்போல் தெரிகிறார் என்று கண்டு, 1998-ல் அளவையே மில்லிக்கு 300 நானோகிராமிலிருந்து 2,000 ஆக உயர்த்தினார்கள். விருந்துக்கு விருந்து கசகசா பாயசம் வைக்கும் மைசூரில் இது சின்ன விஷயமா?

ரயில்வேயில் எழுத்தராக இருக்கும் நாம் தினமும் பார்க்கிறோம். என்ஜின் ஓட்டுநரும் ஊதிக் காட்டிவிட்டுத்தான் வண்டி ஏறுகிறார். ஆனால் அவர் ஏறிய மணியும் இறங்கிய மணியும் பதிவாகின்றன. வெளியூரில் படுக்க ரன்னிங் ரூம் இருக்கிறது. ஓய்வு போதாது என்று அங்கேயே போராட்டம் ஓயவில்லை! லாரி ஓட்டுநருக்கு என்ன இருக்கிறது?

1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று எல்லை கட்டியது. தொலைதூரப் பாதைக்கும் நாளுக்கு 10 மணிதான். 2020-ஆம் ஆண்டுத் தொழிலாளர் விதித்தொகுப்பு அதை விழுங்கிக்கொண்டபோதும் 8 மணி என்ற எழுத்து அதில் இருக்கிறது. எந்தக் கேட்டில் அந்த எழுத்தைச் சோதிக்கிறார்கள்?

பந்திப்பூர் காட்டுப் பாதை 2009 முதல் இரவு 9 மணிக்கு அடைக்கப்படுகிறது, காலை 6 மணிக்குத்தான் திறக்கிறது. திம்பம் மலைப்பாதையில் 2022 பிப்ரவரியிலிருந்து சரக்கு லாரிகளுக்கு இரவுத் தடை. விலங்குகளுக்காக அது நியாயமே. ஆனால் யானைக்கு இரவு ஓய்வு தந்த நாடு, ஓட்டுநருக்குத் தந்ததா? செக்போஸ்டில் கொசுக்கடியில் கிடந்த நேரத்தை விடிந்ததும் ஓடி ஈடுகட்டு என்கிறார் முதலாளி. தூக்கத்தை விரட்டப் பாக்கும் பீடியும் போதாதபோதுதான் சிலர் வேறொன்றைத் தேடுகிறார்கள். போதைக்கு விதை போட்டவர் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார், பழி மட்டும் ஸ்டியரிங் பிடித்த கைக்கா?

ஆகவே நாம் கேட்கிறோம். ஒரே ஊதலில் வேலையைப் பறிக்காதே. கால் மணி கழித்து மறு சோதனை செய், சந்தேகம் இருந்தால் மருத்துவரை வைத்து ரத்தம் எடு. தவறில்லை என்றால் இழந்த நாளுக்குச் சம்பளம் கொடு. ஓட்டுநரைச் சோதிக்கும் அதே கேட்டில் அவர் எத்தனை மணி ஓட்டினார் என்ற ஏட்டையும் சோதி.

தாய்மார்களே! வீடு திரும்பும் பிள்ளையிடம் சம்பளத்தை மட்டும் கேட்காதீர்கள். புறப்பட்ட மணி, சேர்ந்த மணி, உறங்கிய மணி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். குடிக்கும் மருந்தின் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். மாதக் கூட்டத்துக்கு அந்த நோட்டோடு வாருங்கள். அவர்கள் கையில் ஊதும் கருவி இருக்கிறது. நம் கையில் நேரக் கணக்கு இருக்கட்டும்!