கேமரா கார்டும் கஜானா சாவியும்

முதலிலேயே என் கட்சி என்ன என்று சொல்லிவிடுகிறேன். அழிந்துபோன போட்டோவை மீட்க எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "இன்னொரு காப்பி எங்கே இருக்கு?" பெரும்பாலும் 'ஙே' என்று விழிப்பார்கள். ஐம்பதாயிரம் ரூபாய் கேமரா, ஐந்நூறு ரூபாய் கார்டு, அந்தக் கார்டுக்குள் ஊருக்குப் போன பத்து நாளும் அடக்கம். எந்த பேங்க் ஆடிட்டரும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்.

வெளியூரில் பிழைக்கும் நமக்கு இது இன்னும் பெரிய விஷயம். உள்ளூர்க்காரர் அம்மாவை அடுத்த ஞாயிற்றுக்கிழமைகூட படம் பிடித்துக்கொள்ளலாம். நமக்கு லீவு கிடைத்து, சார்மினார் எக்ஸ்பிரஸில் டிக்கெட்டும் கிடைத்தால் வருஷத்துக்கு ஒரு தடவை. அடுத்த தடவை போகும்போது எல்லோரும் இருப்பார்கள் என்பதற்கு யாரும் கியாரண்டி தரமுடியாது.

இங்கே செகந்திராபாத்தில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். பெரியவருக்குத் திருக்கடையூரில் சதாபிஷேகம். மாப்பிள்ளை பெரிய கேமராவில் நானூறு படம் எடுத்தார். திரும்பி வந்து கம்ப்யூட்டரில் கார்டைச் செருகினால் "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்டிருக்கிறது. யாரோ சொன்னார்கள் என்று சரி கொடுத்துவிட்டார்கள். கார்டு வேலை செய்கிறதா என்று பார்க்க, பேரனின் பிறந்தநாளையும் அதிலேயே எடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் மீட்கும் முயற்சி. கிடைத்தது பாதிக்கும் குறைவு. அதிலும் பல படங்களில் மேலே முகம், கீழே சாம்பல் நிறப் பட்டை. பெரியவர் அடுத்த தை மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார். வாரண்டி? அது பொதுவாகக் கார்டுக்குத்தான், கார்டுக்குள் இருந்த அப்பாவுக்கு இல்லை.

இது ஏன் நடந்தது என்று நம்ம பாஷையில் சொல்கிறேன். கார்டு ஒரு தடிமனான லெட்ஜர். முன்னால் ஒரு இண்டெக்ஸ், பின்னால் பக்கங்கள். ஒரு படத்தை டெலீட் செய்தால் இண்டெக்ஸில் பெயரின் முதல் எழுத்தை மாற்றி, 'இந்தப் பக்கங்கள் காலி' என்று குறித்துக்கொள்ளும். அவ்வளவுதான். பக்கத்தில் எழுதியது அப்படியே இருக்கும். குவிக் ஃபார்மட் என்றால் இண்டெக்ஸையே புதிதாக்கிவிடும், பக்கங்கள் அப்போதும் பத்திரம். ஆனால் அடுத்த படம் எடுத்தீர்களோ, அது அந்தப் பக்கங்களின் மேலேயே எழுதும். மேலே எழுதியதை பிரம்மாவாலும் மீட்க முடியாது. (விஸ்டாவுக்குப் பிந்தைய விண்டோஸில் குவிக் இல்லாமல் முழு ஃபார்மட் கொடுத்தால் எல்லாப் பக்கத்திலும் பூஜ்யம் எழுதிவிடும். அப்புறம் கதை முடிந்தது.)

ஆகவே கார்டு மக்கர் செய்தால்:

1. கேமராவை உடனே அணையுங்கள். கார்டை எடுத்து, பக்கவாட்டில் இருக்கும் குட்டி லாக்கைத் தள்ளிவிடுங்கள்.

2. கார்டு ரீடரில் போடுங்கள். 'ஃபார்மட்' என்று எது கேட்டாலும் வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

3. முடிந்தால் கார்டு முழுவதையும் ஒரே ஃபைலாகக் காப்பி எடுத்து, சோதனைகளை அந்தக் காப்பியில் செய்யுங்கள். உயிர் ஊசலாடும் கார்டைத் திரும்பத் திரும்பப் படிக்க வைக்காதீர்கள்.

4. ஃபோட்டோரெக் என்ற மென்பொருள் இலவசம். கிறிஸ்டோஃப் கிரெனியே என்பவர் எழுதியது. இண்டெக்ஸைப் பற்றிக் கவலைப்படாமல், ஒவ்வொரு ஜேபெக் படத்தின் தொடக்கத்திலும் இருக்கும் அடையாளத்தைத் தேடி எடுக்கும். பழைய ஃபைல் பெயர் கிடைக்காது, படம் கிடைக்கும். பார்க்க பயமாக இருந்தால் ரெகுவா இன்னும் சுலபம்.

5. மீட்டதை அதே கார்டில் சேமிக்காதீர்கள். வேறு டிஸ்க்கில் வையுங்கள்.

6. கம்ப்யூட்டர் கார்டை அடையாளமே காணவில்லை என்றால் எந்த சாஃப்ட்வேரும் உதவாது. உள்ளே இருக்கும் கண்ட்ரோலர் போயிருக்கலாம். சிப்பை நேரடியாகப் படிக்கும் லேப்கள் இருக்கின்றன. செலவு அதிகம், பலன் நிச்சயமில்லை. எவ்வளவு ஆகும் என்று முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் வெள்ளம் வந்தபின் மணல் மூட்டை அடுக்குவது. வங்கியில் கஜானாவுக்கு இரண்டு சாவி, இரண்டு பேரிடம். கம்ப்யூட்டர் கணக்கு ஒரு ஊரில் இருந்தால், அதன் நகல் வேறு நிலநடுக்க மண்டலத்தில் இருக்கும் இன்னொரு ஊரில். பீட்டர் க்ரோக் என்ற போட்டோகிராஃபர் 2005-இல் எழுதிய புத்தகத்தின் மூலம் பரவிய 3-2-1 கணக்கும் இதுதான்: மூன்று காப்பி, இரண்டு விதமான சாதனம், அதில் ஒன்று வெளியூரில்.

"எல்லாம் கூகுளில் இருக்கே சார்" என்பவர்களுக்கு: 2014 செப்டம்பரில் ஆர்குட் மூடினார்கள். 2016-இல் பிகாசா போனது. கூகுள் போட்டோஸ் அளவில்லாமல் இலவசமாகக் கொடுத்தது 2021 ஜூன் 1-உடன் நின்றது. இரண்டு வருஷம் எட்டிப் பார்க்காத கணக்கை அழிக்கலாம் என்பது இப்போதைய விதி. வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது ஒரு காப்பி மட்டுமே.

பீரோவில் தூங்கும் பழைய கார்டுகளையும் இந்த வாரமே எடுங்கள். இந்தக் கார்டுகளில் படம் என்பது மின்னூட்டம்தான். வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் மெல்லக் கசியும். பழைய எக்ஸ்.டி. கார்டு, மெமரி ஸ்டிக் வகையறாவுக்கு ரீடர் கிடைப்பதே குதிரைக்கொம்பு. புதுக் கார்டு வாங்கும்போதும் கவனம். 64 ஜிபி என்று ஸ்டிக்கர் ஒட்டி, உள்ளே 8 ஜிபி வைத்து விற்கும் போலிகள் உண்டு. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த ஊரில் இருந்துகொண்டு ராஜா தீன் தயாளைச் சொல்லாமல் விடமுடியாது. ஆறாம் நிஜாமின் அரண்மனைப் போட்டோகிராஃபர், செகந்திராபாத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தவர், 1905-இல் காலமானார். அவருடைய 2,857 கண்ணாடி நெகடிவ்களை 1989-இல் டெல்லியில் உள்ள இந்திரா காந்தி தேசிய கலை மையம் வாங்கிப் பாதுகாத்து வருகிறது. கை தவறினால் உடையும் கண்ணாடி நூறு வருஷம் தாண்டி நிற்கிறது, நம்ம கார்டு ஐந்து வருஷம் தாங்கமாட்டேன் என்கிறது. கண்ணாடி உசத்தி என்பதற்காகச் சொல்லவில்லை. அதற்குப் பொறுப்பேற்க ஒருவர் அடுத்து ஒருவர் இருந்தார்கள். நம் வீட்டில் யார் பொறுப்பு?

"மூவாயிரம் படத்தை யார் சார் பார்க்கப்போறா?" நியாயமான கேள்வி. யாரும் பார்க்கப்போவதில்லை. அதனால் வருஷத்துக்கு இருபது படம் பொறுக்கி பிரிண்ட் போடுங்கள். பின்பக்கம் பெயரும் தேதியும் எழுதுங்கள். பாட்டிக்கு பாஸ்வேர்ட் தேவைப்படாத ஒரே காப்பி அதுதான் :-)

வெளியூர்க்காரன் என்று நாம் எவ்வளவோ புலம்புகிறோம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நமக்கு அதிர்ஷ்டம். நமக்கு இரண்டு ஊர் இருக்கிறது! 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது, 2020 அக்டோபரில் ஹைதராபாத் மூழ்கியது. இரண்டும் ஒரே நாளில் மூழ்கவில்லை. பெரிய வங்கிகள் கோடிக்கணக்கில் செலவழித்து ஏற்பாடு செய்வது நமக்குப் பிறப்பிலேயே வாய்த்திருக்கிறது, பயன்படுத்தாமல் இருக்கிறோம்.

ஊரிலிருந்து வரும்போது ஊறுகாய் பாட்டில் வருகிறதல்லவா, போகும்போது ஒரு ஹார்ட் டிஸ்க் போகட்டும். பொங்கலுக்குப் பொங்கல் புதுப் படங்களைச் சேர்த்துவிட்டு அங்கேயே பீரோவில் வைத்துவிட்டு வாங்க. தம்பி "என்னண்ணா இது?"ன்னு கேட்டா, "கஜானாவோட ரெண்டாவது சாவிடா, பத்திரமா வச்சுக்கோ"ன்னு சொல்லுங்க.